சும்மா வந்த துணியை ஏன் காசுக்கு விற்கிறார்கள்?

லண்டனில் மகள் வீட்டுக்கு வந்திருக்கும் ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "கடைத்தெருவில் நாலைந்து சேரிட்டி ஷாப் இருக்கிறது. ஜனங்கள் சும்மா கொடுத்ததைக் காசுக்கு விற்கிறார்களே, ஏழைகளுக்கே கொடுத்துவிடலாமே? அங்கே என்ன வாங்கலாம்?"

அம்மா, அந்தக் கடை துணி தானம் செய்வதற்காக வைத்ததில்லை. துணியைப் பணமாக்குவதற்காக வைத்தது. இப்படிக் கடைகள் நடத்தும் ஆக்ஸ்ஃபாம் என்ற அறக்கட்டளை 1942-இல் ஆக்ஸ்ஃபர்டில் தொடங்கியதே, கிரீஸில் பஞ்சத்தில் தவித்தவர்களுக்கு உணவு அனுப்பத்தான். பசித்தவருக்குப் பழைய துணியை அனுப்பி என்ன பயன்? விற்றால் அந்தக் காசு சோறாகும், மருந்தாகும்.

நான் இரண்டு வருடம் சனிக்கிழமைகளில் இப்படி ஒரு கடையின் பின்னறையில் வேலை பார்த்தேன். மேனேஜருக்குத்தான் சம்பளம், எங்களில் பெரும்பாலோர் தொண்டர்கள். வரும் பையைப் பிரித்து, கறை, கிழிசல், பொத்தான், ஜிப் எல்லாம் பார்ப்போம். தேறியதை ஹேங்கரில் மாட்டி, நீராவியால் சுருக்கம் எடுத்து, விலைச்சீட்டு குத்துவோம். தேறாததையும் எறிய மாட்டோம், பழந்துணி வியாபாரி எடைக்கு எடுத்துக்கொள்வார்.

அரசும் கைகொடுக்கிறது. நன்கொடையாக வந்த பொருளை விற்றால் வாட் கிடையாது. இங்கிலாந்தில் கடைக்கான உள்ளாட்சி வரியில் 80 சதவீதம் கழிவு. அப்புறம் கிஃப்ட் எய்ட். கொடுத்தவர் இங்கே வருமான வரி கட்டுபவராக இருந்து, படிவத்தில் கையெழுத்தும் போட்டிருந்தால், அவர் பொருள் 10 பவுண்டுக்கு விற்கும்போது அறக்கட்டளைக்கு அரசிடமிருந்து இன்னும் இரண்டரை பவுண்டு வரும்.

என்ன வாங்கலாம்? தயங்காமல் குளிர்கோட்டு வாங்குங்கள். புத்தகம், பீங்கான் தட்டு, பேரப்பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் எல்லாம் மலிவாகக் கிடைக்கும். சோபா வாங்கினால் தீத்தடுப்பு லேபிள் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகளின் கார் சீட்டு, ஹெல்மெட் மட்டும் பழையதாக வேண்டாம். உள்ளே விரிசல் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பெரும்பாலான கடைகள் அவற்றை வாங்கிக்கொள்வதே இல்லை.

ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில், பூட்டிய கதவுக்கு வெளியே யாரோ வைத்துவிட்டுப் போன பை, இரவெல்லாம் மழையில் ஊறிக் கிடந்ததாம். அந்த வாரம் நான் போனபோது அது பின்னறையில் இருந்தது. உள்ளே மடிப்புக் கலையாத மாம்பழ மஞ்சள் பட்டுப்புடவை. அரக்குக் கரையின் சாயம் உடல் முழுக்க இறங்கியிருந்தது. நல்ல விலைக்குப் போயிருக்க வேண்டியது, எடைக்குத்தான் போனது.

அதனால் மகள் வீட்டில் கொடுக்க ஏதாவது இருந்தால், துவைத்து, கடை திறந்திருக்கும் நேரத்தில் உள்ளே கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். செருப்பு, ஷூ என்றால் ஜோடியைச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். கிஃப்ட் எய்ட் படிவத்தில் மகளே கையெழுத்துப் போடட்டும். பொருள் அவருடையது, இங்கே வரி கட்டுபவரும் அவர்தானே.