காடாத்துணியில் ஒரு தெரு

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளிக்கூடத்தில் 31 வருடம் தையல் சொல்லிக்கொடுத்தவள் நான். மைக் முன்னால் உட்கார்ந்து பழக்கமில்லை. தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக் கொடுமைக்கு மக்கள் தங்கள் கைவேலையால் எப்படிப் பதில் சொன்னார்கள் என்று பேச வேண்டும் என நிலையத்தில் இருந்து கேட்டார்கள். அதற்குப் படித்த பேராசிரியர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே என்றேன். "கேப் டவுனில் அந்தத் துணியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்களே, அதைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்" என்றார்கள். துணியைப் பற்றி என்றால் சரி, வருகிறேன் என்றேன்.

என் மகள் தென்னாப்பிரிக்காவில் வேலை பார்த்த காலத்தில் மூன்று மாதம் அவளோடு தங்கியிருந்தேன். மலையைப் பார்த்தாயிற்று, கடலைப் பார்த்தாயிற்று. ஒரு சனிக்கிழமை ஊர் நடுவில் இருக்கும் ஒரு பழைய மெதடிஸ்ட் தேவாலயத்துக்குக் கூட்டிப் போனாள். இப்போது அது அருங்காட்சியகம். பெயர் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ், அதாவது ஆறாம் வட்டம். 1867-ல் நகராட்சி வட்டங்களுக்கு எண் போட்டபோது ஆறாவதாக வந்த வட்டம், அவ்வளவுதான் பெயரின் கதை.

உள்ளே நுழைந்ததும் என் கண் மேலே போயிற்று. உயரத்திலிருந்து வெள்ளைக் காடாத்துணி தொங்குகிறது. நிறைய எழுத்து. சிலது பேனாவால் எழுதியது, சிலது நூலால் எழுதியது. பெயர், தெரு, கதவு எண். "நாங்கள் இங்கே இருந்தோம்" என்கிற மாதிரி ஒரு வரி, இரண்டு வரி. அந்த வட்டத்திலிருந்து விரட்டப்பட்டவர்கள் வந்து பேனாவால் எழுதிவிட்டுப் போக, மை அழியாமல் இருக்க அதன் மேலேயே எம்பிராய்டரி போட்டிருக்கிறார்கள். துணி தீரத் தீர இன்னொரு துணியை ஒட்டுப்போட்டு, எல்லாம் சேர்த்து ஒரு கிலோமீட்டரைத் தாண்டிவிட்டதாம். காடாத்துணியை ஆங்கிலத்தில் காலிகோ என்பார்கள், நம் பக்கத்துக் கோழிக்கோட்டின் பெயரிலிருந்து வந்த சொல். அது நினைவுக்கு வந்ததும் அந்தத் துணி எனக்குக் கொஞ்சம் சொந்தமாகிவிட்டது.

வானொலியில் துணியைக் காட்ட முடியாது. அதனால் தையலைச் சொல்கிறேன். சில வரிகள் சங்கிலித் தையல், ஒரே அளவு, ஒரே இழுப்பு. பிள்ளைகளுக்கு மாதிரியாக வைக்கலாம். சில வரிகளில் சாதாரண ஓட்டுத் தையல், கோணல்மாணலாக, நூல் தடித்தும் மெலிந்தும். முன்பக்கம் பார்த்தால் வேலை தெரியும், பின்பக்கம் பார்த்தால் வேலைக்காரி தெரிவாள் என்று எங்கள் டீச்சர் சொல்வார். எட்டிப் பிடித்துத் திருப்பிப் பார்க்கக் கை துடித்தது. மகள் முறைத்தாள்.

அந்தச் சங்கிலித் தையல் எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் புரிந்தது. கேப் டவுன் உடுப்புத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்க் கலப்பினப் பெண்கள். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் முழுக்கத் தையல்காரர்கள். ஆக, ஊசி அவர்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை, கூலி. முதலாளியின் உடுப்பைத் தைத்த கை இங்கே தன் கதவு எண்ணைத் தைத்திருக்கிறது. கலை, கலைஞர் என்று நாம் பேசும்போது இந்தப் பெண்கள் நம் நினைப்பில் வருவதே இல்லை.

நடந்தது என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்துக்கும் நகரத்துக்கும் நடந்து போகிற தூரத்தில் இருந்த வட்டம் அது. விடுதலையான அடிமைகளின் வம்சம், மலாய் முஸ்லிம்கள், ஆப்பிரிக்கர்கள், யூதர்கள், இந்தியர்கள் என்று எல்லோரும் சுவருக்குச் சுவர் ஒட்டிக் குடியிருந்தார்கள். 1950-ல் குழுப் பகுதிகள் சட்டம் வந்தது. எந்த நிறத்துக்காரன் எந்தப் பகுதியில் வாழலாம் என்று அரசாங்கம் கோடு போடுகிற சட்டம். 1966 பிப்ரவரி 11 அன்று இந்த வட்டம் வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்தார்கள். சேரி, குற்றம், அழுக்கு என்று காரணம் சொன்னார்கள். நகரத்தை ஒட்டிய நல்ல இடம் என்பதை யாரும் சொல்லவில்லை. 1968-ல் காலி செய்விக்கத் தொடங்கி 1982-க்குள் 60,000-க்கும் மேற்பட்டவர்களைக் கேப் ஃபிளாட்ஸ் என்கிற மணல்காட்டுக்கு அனுப்பினார்கள். சுமார் 25 கிலோமீட்டர் தூரம். அங்கேயும் நிறவாரியாகப் பிரித்ததால் பழைய பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்து ஊர்க்காரர்கூட இல்லை என்றாகிவிட்டது. வீடுகளைப் புல்டோசர் இடித்தது. கோயிலில் மட்டும் கை வைக்கவில்லை. மசூதியும் தேவாலயமும் வெட்டவெளியில் தனியாக நின்றன. ஜனங்கள் வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் பஸ் ஏறித் தொழுகைக்கு வந்து போனார்கள்.

அந்த அருங்காட்சியகத்தில் வழிகாட்டியாக இருந்த நூர் இப்ராஹிம் அங்கேயே பிறந்து வளர்ந்து விரட்டப்பட்டவர். அவர் தன் புறாக் கதையைச் சொல்வது வழக்கம். புது இடத்தில் கூண்டு கட்டி, பழகட்டும் என்று மாதக்கணக்கில் அடைத்து வைத்து, ஒருநாள் திறந்துவிட்டார். ஒன்றுகூடத் திரும்பவில்லை. மறுநாள் பழைய தெரு வழியாகப் போனால், வீடு இருந்த வெற்று மண்ணில் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன.

மேலே துணி என்றால் கீழே தரை. தேவாலயத்துத் தரை முழுக்க டிஸ்ட்ரிக்ட் சிக்ஸின் வரைபடம் கையால் வரைந்திருக்கிறது. ஹானோவர் தெரு என்ற பெரிய கடைத்தெருவும் சின்னச் சந்துகளும் எல்லாம் உண்டு. 1994 டிசம்பரில் கண்காட்சியைத் தொடங்கியபோது சில வாரம் நடத்திவிட்டு மூடுவதாகத்தான் இருந்ததாம். பழைய குடிகள் வந்து வரைபடத்தின் மேல் குனிந்து, இது எங்கள் வீடு, இது கடை, இங்கே தண்ணீர்க் குழாய் என்று தாங்களே எழுதத் தொடங்கிவிட்டார்கள். பிறகு எப்படி மூடுவது? கண்காட்சி நிரந்தரமாகிவிட்டது.

நானும் நடந்தேன். செருப்பைக் கழற்றலாமா என்று யோசித்தேன். ஒருவருடைய வாசலை மிதிக்கிறோமே என்கிற கூச்சம். வேறு யாரும் கழற்றவில்லை, அதனால் நானும் கழற்றவில்லை.

வரைபடத்துக்குப் பக்கத்தில் பழைய தெருப் பலகைகள் ஏணி மாதிரி அடுக்கடுக்காகத் தொங்குகின்றன. அசல் பலகைகள். இடிக்கிற வேலைக்கு மேற்பார்வை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவரிடம், இடிபாடுகளோடு இவற்றையும் கடலில் தள்ளிவிடச் சொல்லியிருந்தார்கள். அவர் தள்ளவில்லை. 75 பலகைகளைத் தன் வீட்டு நிலவறையில் இத்தனை வருடமும் ஒளித்து வைத்திருந்து, காலம் மாறியதும் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டை இடித்த அதே ஆள்தான் பலகையையும் காப்பாற்றினார். அவரை நல்லவர் என்பதா, கெட்டவர் என்பதா? என் மகள் "நல்லவர்" என்றாள். எனக்கு அப்படிச் சட்டென்று சொல்ல வாய் வரவில்லை. பலகை பத்திரமாக இருந்தது, வீடு போய்விட்டதே.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு வேலை. 'ஹேய்ஸ் கொம்பேய்ஸ்' என்று பெயர். ஆஃப்ரிகான்ஸ் மொழியில் வீட்டுச் சமையலறை. பழைய குடிகளான வயதானவர்களைக் கூட்டி உட்காரவைத்து, தங்கள் வீட்டுச் சமையலைச் சொல்லச் சொல்லி, அதை அவர்களே துணியில் எம்பிராய்டரி செய்தார்கள். புனித வெள்ளிக்கு ஊறவைக்கிற மீன், ஞாயிறு காலையில் பாகில் முக்கி எடுக்கிற கூசிஸ்டர், காய்கறியும் கறியும் சேர்ந்த பிரெடி, அப்புறம் சமூசா, ரொட்டி, பிரியாணி. நம்ம வீட்டுச் சாமான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள். சமையலைப் பற்றிப் பேசினால் தானாகவே தெருவும் வந்துவிடும்: மாவு எந்தக் கடையில் வாங்கினோம், பண்டிகைக்கு யார் வீட்டுக்குத் தட்டு அனுப்பினோம், யார் திருப்பி அனுப்பும்போது தட்டைக் காலியாக அனுப்பாமல் என்ன வைத்து அனுப்பினார்கள். நேராக "உங்களை எப்படி விரட்டினார்கள்" என்று கேட்டால் வாயடைத்துப்போகிறவர்கள், கையில் ஊசி இருந்தால் குனிந்தபடியே சொல்லிவிடுவார்கள். என் வகுப்பிலும் அப்படித்தான். வீட்டில் அடி வாங்கிய பெண் ஓரம் மடித்துத் தைக்கும்போதுதான் அதைச் சொல்வாள்.

தெருக்கலையும் இருந்தது. ஜனவரி 2-ம் தேதி, 'இரண்டாம் புத்தாண்டு', பளபளக்கிற சாட்டின் உடுப்பும் குடை வேலைப்பாடும் பான்ஜோவும் கூமா மத்தளமும் கொண்டு குழு குழுவாக ஊர்வலம் போவார்கள். அடிமைகளுக்குப் புத்தாண்டுக்கு மறுநாள்தான் ஓய்வு என்ற பழைய வழக்கத்தின் மிச்சம் அது. டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்தான் அதற்குத் தாய்வீடு. வீடு போன பிறகும் மணல்காட்டிலிருந்து குழுக்கள் வந்து பழைய தெருக்களில் ஆடப் பார்த்தன. நகரத்து ஊர்வலத்துக்குத் தடை வந்து மைதானங்களுக்குள் தள்ளப்பட்ட காலமும் உண்டு. இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. முகத்துக்குச் சாயம் பூசுகிற பழக்கம், கறுப்பரைக் கேலி செய்த அமெரிக்க நாடகக் குழுக்கள் 19-ம் நூற்றாண்டில் கேப் டவுனுக்கு வந்து போனதில் ஒட்டிக்கொண்டது. அதனால் இந்தக் கொண்டாட்டத்தைப் பார்த்து முகம் சுளிக்கிற அவ்வூர்க்காரர்களும் உண்டு. ஆடுகிறவர்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள் என்பது என் எண்ணம். ஆனால் நான் வெளியாள்.

எல்லாமே ஒற்றுமை, எல்லாமே பாட்டு என்று அந்த வட்டத்தைப் பொற்காலமாக்கிவிடுகிற ஆபத்தும் இருக்கிறது. ஒரு அறையில் பத்துப் பேர், ஒழுகுகிற கூரை, பழுது பார்க்காத வீட்டுக்காரர், ரௌடிக் கூட்டம் இதுவும்தான் அங்கே இருந்தது. இன்னொன்று. 1901-லேயே பிளேக்கைச் சாக்காக வைத்து ஆப்பிரிக்கக் கறுப்பர்களை அங்கிருந்து முதலில் வெளியேற்றிவிட்டார்கள். 1966 என்றே பேசினால் அந்த முதல் வெளியேற்றம் மறைந்துபோகும். அருங்காட்சியகத்தார் இதை உணர்ந்து, 2000-ல் கண்காட்சியைத் திரும்ப அமைத்தபோது தங்களையே கேள்வி கேட்டுக்கொண்டார்கள். ஒரு ஆப்பிரிக்கக் குடும்பம் ஒற்றை அறையில் வாழ்ந்த வாழ்க்கையைக் காட்டும் 'நொம்வுயோவின் அறை' அங்கே இருக்கிறது. கட்டில், அடுப்பு, தையல் என்று எல்லாம் அந்த ஒரே அறைக்குள். அதன் முன்னால் நான் அதிக நேரம் நின்றேன்.

நம் ஆட்களுக்கும் இதே சட்டத்தால் இதே கதி. கேப் டவுனை விட அதே நாட்டு டர்பன் நகரத்தில்தான் தமிழர் அதிகம். கோவெண்டர், பிள்ளே, மூட்லி, நாயுடு என்று பெயர்ப் பலகை பார்க்கலாம். கோவெண்டர் என்றால் நம்ம கவுண்டர்தான். கரும்புக்காட்டுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் பேரப் பிள்ளைகள். அங்கே 'மேகசின் பாரக்ஸ்' என்று மாநகராட்சித் தொழிலாளர் குடியிருப்பு. தமிழரும் தெலுங்கரும் தலைமுறையாக வாழ்ந்த இடம். அவர்களையும் 1960-களில் சாட்ஸ்வொர்த் என்கிற தூரத்துக் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். அங்கே பகுதிகளுக்குப் பெயர்கூட வைக்காமல் எண் போட்டிருந்தார்கள். கரும்புக்காட்டுக் காலத்திலிருந்தே அந்த ஜனங்கள் விடாமல் ஆடிவந்தது தெருக்கூத்து. அங்கே அதற்கு 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பெயராகிவிட்டது. இது எனக்குத் தெரியாமலே போயிருக்கும், மகளோடு வேலை பார்த்த ஒரு டர்பன் பெண் சொல்லாவிட்டால். அவளுக்குத் தமிழ் வராது. கூத்து என்ற சொல்லும் தெரியாது. ஆனால் தாத்தா இரவு முழுக்கக் கிரீடம் கட்டி ஆடுவார் என்பதை எழுந்து நின்று ஆடியே காட்டினாள்.

இதனாலெல்லாம் என்ன ஆயிற்று, வீடு கிடைத்ததா என்று கேட்பீர்கள். 1994-க்குப் பிறகு நிலத்தைத் திரும்பக் கேட்க வழி பிறந்தது. 1997-ல் நில உரிமை நீதிமன்றத்தின் ஒரு அமர்வு அந்தத் தேவாலயக் கூடத்துக்குள்ளேயே நடந்தது. அந்த வரைபடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழக்கு பேசினார்கள் என்று நினைக்கையில் எனக்குச் சிலிர்க்கிறது. 2004 பிப்ரவரி 11 அன்று 87 வயதுக்காரர் ஒருவருக்கும் 82 வயதுக்காரர் ஒருவருக்கும் நெல்சன் மண்டேலா புது வீட்டுச் சாவி கொடுத்தார். அதற்குப் பிறகு வேலை நத்தையாக ஊர்ந்தது. தாமதத்துக்காக 2019-ல் அரசாங்கத்தை நீதிமன்றமே கண்டித்தது. காத்திருந்தே செத்துப்போனவர்கள் நிறைய. நகரத்து நடுவில், மலை அடிவாரத்தில், அவ்வளவு விலைபோகிற நிலம் பெரும்பகுதி புல் மண்டிக் கிடந்ததை நானே பார்த்தேன். ஊர்ப் பெயரை மட்டும் அதே 2019-ல் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்று திரும்ப வைத்தார்கள்.

ஒவ்வொரு பிப்ரவரி 11 அன்றும் பழைய குடிகள் அந்தப் புல்வெளிக்கு நடந்துபோய் ஒரு கற்குவியலில் ஆளுக்கொரு கல்லை வைக்கிறார்கள். நான் இருந்த மாதங்களில் அந்தத் தேதி வரவில்லை.

கிளம்பும்போது திரும்ப ஒருமுறை துணியிடம் போனேன். ஒரு மூலையில், பேனாவால் எழுதி இன்னும் ஊசி படாத ஒரு வரி இருந்தது. தெருப் பெயர் தெரிந்தது, கதவு எண்ணும் தெரிந்தது. ஆள் பெயர் பாதி மங்கியிருந்தது. படிக்கிற கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் வாசிக்கப் பார்த்தேன். முடியவில்லை. மகள் வாசலில் இருந்து கூப்பிட்டாள்.

வணக்கம்.