ஒன்பது வயதுப் பிள்ளையின் நினைவை நம்பலாமா?

வணக்கம். போர்க்கால நினைவுநூல்களைப் பற்றிப் போன பதிவில் பேசியதைக் கேட்டுவிட்டு ஒரு தம்பி இப்படிக் கேட்டிருக்கிறார்: "அந்த நேரம் ஒன்பது வயதாக இருந்தவர் முப்பது வருடம் கழித்து எழுதுவதை எப்படி நம்புவது? சின்னப் பிள்ளைக்கு அரசியல் என்ன தெரியும்?"

வாசித்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

பிள்ளைக்கு அரசியல் தெரியாது, சரி. ஆனால் வீட்டில் எவ்வளவு மண்ணெண்ணெய் மிச்சம் என்று தெரியும். நான் வளர்ந்த யாழ்ப்பாணத்தையே எடுப்போம். 1990 யூனில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை திரும்பத் தொடங்கியது. மின்சாரம் நின்றது, பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் எதுவும் வராது. மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் கிடைத்தால் யானை விலை. யார் போட்ட தடை, எதற்காகப் போட்டார்கள் என்றெல்லாம் எங்களுக்குத் தெரியாது. ஆனால் ஜாம் போத்தல் விளக்கைப் பற்றிக் கேளுங்கள், அக்குவேறு ஆணிவேறாகச் சொல்வோம். போத்தலின் அடியில் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், ஒரு சின்னத் திரி. போத்தல் காற்றை மறைக்கும். சரிந்தாலும் எண்ணெய் ஊற்றாது. அந்த வெளிச்சத்தில்தான் அண்ணா ஓ.எல். சோதனைக்குப் படித்தார். ரேடியோ கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற வேண்டும், டைனமோவில் ரேடியோ பேசும். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரல் மங்கும். உடனே அப்பா, "சுத்தடா, சுத்தடா!"

முன்பும் சொன்னேன், திரும்பவும் சொல்கிறேன். நினைவுநூல் பிள்ளையின் கண் உயரத்தில் நிற்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன். 1987 இலங்கை–இந்திய ஒப்பந்தத்தை எட்டு வயதுப் பிள்ளை விளக்கினால், அது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. படித்ததைச் சேர்ப்பதில் தப்பில்லை, அதை வளர்ந்தவரின் குரலில் சொன்னால் போதும்.

தேதியைச் சரிபார்க்க வேறு வழி இருக்கிறது. 1995 ஒக்டோபர் 30. இராணுவம் நெருங்கிக்கொண்டிருந்தது, யாழ்ப்பாண நகரம் உள்ள வலிகாமத்தை விட்டு எல்லோரும் கிழக்கே இருக்கிற தென்மராட்சிக்குப் போங்கள் என்று புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். லட்சக்கணக்கான சனம், நாவற்குழிப் பக்கம் ஒடுங்கிய பாதை, இரவு, மழை. இதெல்லாம் அறிக்கைகளில் இருக்கிறது. அம்மா என்னிடம் சொன்ன பொய் எந்த அறிக்கையிலும் இல்லை. "கைதடியில ஒரு மாமி வீட்டுக்குப் போறம், ரெண்டு நாளில வந்திடலாம்" என்றார். நான் பார்த்திராத மாமி. அந்த மாமியை நம்பித்தான் அழாமல் நடந்தேன். அப்படி ஒரு மாமியே இல்லை என்பது, பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் சீலை விரித்துப் படுத்த பிறகுதான் தெரிந்தது. ஊர் திரும்பியது 1996 ஏப்ரலில், இராணுவம் தென்மராட்சிக்குள்ளும் வந்த பிறகு.

தம்பி, நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். இந்தப் புத்தகங்களில் பலவற்றைப் பிள்ளைகள்தான் எழுதுகிறார்கள். அம்மாமார் ஏன் எழுதவில்லை? எவ்வளவு அரிசி இருக்கிறது, எந்தக் காப்பை எப்போது விற்பது, எந்தப் பிள்ளையிடம் எதை மறைப்பது என்பதெல்லாம் அவர்களுக்குத்தானே தெரியும்? "குடும்பம் தாக்குப்பிடித்தது" என்று நாம் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறோம். அந்த ஒரு வரி அவர்களுடைய முழுநேர வேலை.

அம்மாவிடம் எழுதச் சொன்னால் "எனக்கு என்ன எழுதத் தெரியும்" என்பார். அதனால் ஒருநாள் வேறு மாதிரிக் கேட்டேன்: "வீட்டை விட்டு வெளிக்கிடேக்க பையில முதல் எதை வச்சீங்கள்?" காணி உறுதி, பிறப்புப் பத்திரங்கள், அண்ணாவின் சோதனைப் பெறுபேறு, எல்லாம் மழைக்குப் பொலித்தீனில் சுற்றியது. அப்புறம் தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றி அப்பாவின் சைக்கிள் கரியரில் கட்டியிருக்கிறார். கையால் சுற்றுகிற மெஷின் அது. அந்த வகுப்பறையில் இருந்துகொண்டு, இடம்பெயர்ந்து வந்த மற்றக் குடும்பங்களுக்குப் பள்ளிச் சட்டை தைத்துக் கொடுத்துத்தான் எங்களுக்குச் சோறு போட்டாராம். மெஷின் சத்தம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அது சம்பாத்தியம் என்பது தெரியாது.

உங்கள் வீட்டிலும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். யாழ்ப்பாணம் என்றில்லை, 1964க்குப் பிறகு பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த குடும்பமாக இருந்தாலும் சரி. என்ன சொன்னார்கள் என்று எழுதி அனுப்புங்கள், அடுத்த பதிவில் வாசிக்கிறேன்.