கடல் மதிலுக்கு அங்கால, உப்பு கொப்பிக்குள்ள

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி உறவுகளே, முன்னுக்கு பாயில இருக்கிற பிள்ளையளே, எல்லாருக்கும் வணக்கம். பாடம் நல்லா மனசில ஏறுறது வகுப்பறைக்குள்ளயா வெளியிலயா எண்டு கேட்டிருக்கிறீங்க, நான் வெளியில எண்ட பக்கம்.

எதிரணித் தலைவர் சொன்னார், பதினோராம் ஆண்டு ஓஎல் சோதினை வருது, சிலபஸ் முடியேல்ல, இதுக்குள்ள பிள்ளையள வெயிலுக்குள்ள கூட்டிக்கொண்டு திரிஞ்சா மார்க்ஸ் ஆர் தாறது எண்டு. நியாயமான பயம்தான், நானும் ஒரு தாய்.

ஆனா ஐயா, நான் படிச்ச பள்ளிக்கூடத்தில ஆய்வுகூட அலுமாரி பூட்டியே கிடந்தது. உப்புக் கரைசல் ஆவியாகிறத கொப்பியில படம் கீறி அம்புக்குறி போட்டுத்தான் படிச்சனாங்க. கடல் எங்க? மதிலுக்கு அங்கால! அலைச்சத்தம் வகுப்புக்குள்ள கேக்கும்.

போன வருசம் என்ர மகளுக்கு அவவின்ர டீச்சர் திருகோணமலை டச்பே கடற்கரையில ஒரு லீட்டர் கடல்தண்ணி அள்ளி, துணியால வடிச்சு, அகலத் தட்டில பாதி, குழிக் கிண்ணத்தில பாதி ஊத்தி வெயில்ல வைக்கச் சொன்னவ. அகலத் தட்டுத்தான் முதல் காஞ்சது. நிலாவெளி உப்பளத்துப் பாத்தி ஏன் அவ்வளவு அகலமா, ஆழமில்லாமக் கிடக்கெண்டு அவளே வந்து எனக்குச் சொல்றாள்.

கிண்ணமும் காஞ்ச பிறகு ரெண்டையும் சேத்து கடைத் தராசில நிறுத்தா 41 கிராம். லீட்டருக்கு ஏறத்தாழ 35 தானே வரோணும், பிள்ளைக்கு அழுகை வந்திட்டு. டீச்சர் ஏசேல்ல, தொட்டுப் பார் எண்டா. விரல்ல பிசுபிசுக்குது, நாக்கில கசக்குது. அதுதான் ஐயா மக்னீசியம் உப்பு, லேசில காயாது, காத்தில இருக்கிற ஈரத்தையும் இழுக்கும். அது மிச்சத் தண்ணியிலதான் தங்கி நிக்கும், அதாலதான் உப்பளத்தில உப்பு விளைஞ்ச பிறகு அந்தத் தண்ணிய வெளிய விடுறவங்க. திரும்பக் காயவச்சு நிறுத்தா 36.

இது சிலபஸுக்கு வெளியில இருக்கிற விசயமா? ஓஎல் விஞ்ஞானத்தில கடல்தண்ணியில இருந்து உப்பு எடுக்கிற பாடமே இருக்கு, எதிரணியில விஞ்ஞான ஆசிரியர்மார் இருக்கிறீங்க, இல்லையெண்டு சொல்லுங்க பாப்பம். பஸ் பிடிச்சு, காசு சேத்து ட்ரிப் போறதெல்லாம் நான் கேக்கேல்ல. இதுக்கு ஒரு தட்டும் கிண்ணமும்தான் செலவு.

அந்த உப்ப போத்தில்ல கொண்டு வந்திருக்கிறன், நடுவர் ஐயா. மூடியத் திறந்து ஒருக்கா விரலால தொட்டுப் பாத்திட்டு தீர்ப்பச் சொல்லுங்க.