வர்த்தமானியில் வந்த வரம்புமீறல்

அவைத் தலைவர் அவர்களே, அவையோரே,

நிறைவேற்று அதிகாரம் எல்லை மீறும்போது பெரும்பாலும் சட்டப் புத்தகத்தைக் கையில் ஏந்தியபடியே மீறுகிறது. 2018 நவம்பர் 9ஆம் திகதி இரவு இலங்கைப் பாராளுமன்றத்தைக் கலைத்து வெளியான அரச வர்த்தமானி அறிவித்தலிலும் அரசியலமைப்பின் உறுப்புரைகள் முறைப்படி குறிப்பிடப்பட்டிருந்தன. ஒக்டோபர் 26ஆம் திகதி பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கிவிட்டு மகிந்த ராஜபக்சவை அமர்த்திய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, மறுநாளே சபையின் அமர்வுகளை நிறுத்திவைத்தார். புதியவருக்குப் பெரும்பான்மை சேராது என்று தெரிந்ததும் சபையையே கலைத்தார். நிறைவேற்று ஜனாதிபதி முறையின் பிடியைத் தளர்த்துவதாக வாக்களித்து 2015இல் பதவிக்கு வந்தவர் அவர் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

இந்தக் கலைப்புக்கு எதிரான வழக்கு இரண்டு உறுப்புரைகளுக்கு இடையே நடந்தது. பாராளுமன்றத்தைக் கூட்டவும் கலைக்கவும் ஜனாதிபதிக்கு அதிகாரம் உண்டு என்று 33(2) பொதுப்படக் கூறுகிறது. ஆனால் 19ஆவது திருத்தத்தால் மாற்றப்பட்ட 70(1), முதல் அமர்விலிருந்து நாலரை ஆண்டு கழியும்வரை, உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டாலொழியக் கலைக்கக் கூடாது என்றது. முன்னது தனித்து நிற்கும் அதிகாரம் என்று சட்டமா அதிபர் வாதிட்டார். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவர் இரா. சம்பந்தன், தேர்தல் ஆணைக்குழு உறுப்பினர் ரத்னஜீவன் ஹூல் உள்ளிட்டோர் தொடுத்த மனுக்களை விசாரித்த உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் டிசம்பர் 13ஆம் திகதி ஒருமனதாக அவ்வாதத்தை நிராகரித்தார்கள். கட்டற்ற அதிகாரம் எவருக்கும் இல்லை என்பதே அவர்களது நிலைப்பாடு.

நீதிமன்றம் தனித்துப் போராடவில்லை. தீர்ப்புக்கு முன்பே உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் மீண்டும் கூடி, மிளகாய்த்தூள் வீசப்பட்ட சபைக்குள் பொலிஸார் சூழ வந்து சபாநாயகர் கரு ஜயசூரிய அமர்வை நடத்தினார். 122 உறுப்பினர்களின் மனுவை ஏற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் டிசம்பர் 3ஆம் திகதி புதிய அமைச்சரவை இயங்கத் தடை விதித்தது.

இதே நாட்டில், 2013 ஜனவரியில், பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிரான குற்றச்சாட்டுகளை விசாரித்த பாராளுமன்றத் தெரிவுக்குழுவின் முடிவை மேன்முறையீட்டு நீதிமன்றம் ரத்துச் செய்திருந்தும், பாராளுமன்றமும் ஜனாதிபதியும் அவரைப் பதவி நீக்கினார்கள். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளுக்குள் மாறியது நீதியரசர்களின் துணிவு மட்டும் என்று நான் நம்பவில்லை. உயர்பதவி நியமனங்களில் ஜனாதிபதியின் கையைக் கட்டிய அரசியலமைப்புப் பேரவையை 2010இல் 18ஆவது திருத்தம் ஒழித்திருந்தது. 2015இல் 19ஆவது திருத்தம் அதை மீட்டிருந்தது. ஆளும் தரப்பின் தயவில் வந்தவர் என்ற பேச்சுக்கு இடமில்லாத நீதியரசருக்கே மறுத்துச் சொல்வது எளிது.

2020 ஒக்டோபரில் 156 வாக்குகளுடன் நிறைவேறிய 20ஆவது திருத்தம் பேரவையை மீண்டும் அகற்றியது; நாலரை ஆண்டு என்ற வரம்பையும் இரண்டரை ஆண்டாகச் சுருக்கியது. 2022இல் 21ஆவது திருத்தம் பேரவையைத் திருப்பிக் கொணர்ந்தது. இரண்டரை ஆண்டு வரம்பையோ அப்படியே விட்டுவிட்டது. 2015 செப்டம்பரில் முதன்முதலாகக் கூடிய சபையை 2018 நவம்பரில் கலைத்தது, அந்த வாசகத்தைக் கொண்டு பார்த்தால், சட்டப்படி சரியான செயலாகவே இருந்திருக்கும்.