இரண்டடி வாய்க்கால்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சாயங்காலத்திலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியில் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

‘ஆட்சியின் தோல்விகளில் வாக்காளருக்குப் பங்கு உண்டா, இல்லையா?’ என்பது தலைப்பு. ‘உண்டு’ என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய வழக்கறிஞர் அக்கா ஒரு கேள்வி கேட்டார், நீங்களும் கை தட்டினீர்கள். “அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு பட்டனை அமுக்குறவன் தலையில ஆட்சியோட பாவத்தை எல்லாம் கட்டலாமா?” என்றார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கமாட்டேன். அதற்கு முன்னால் உங்களை ஒரு வயலுக்குக் கூட்டிப் போக வேண்டும்.

1994. சென்னையை ஒட்டிய இதே மடிப்பாக்கம். அப்போது இது கிராமப் பஞ்சாயத்து. அப்பா மனை பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். வயலில் வெள்ளையடித்த கல் நட்டிருந்தார்கள். நெல் அறுத்த தாள் காலில் குத்தியது. மனையின் வடக்கு ஓரமாக ஒரு வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. அகலம் கம்மிதான், ஒரு எட்டில் தாண்டிவிடலாம். அப்பா அதைக் காட்டி, “இது என்ன?” என்று கேட்டார். தரகர் சொன்னார்: “சும்மா வாய்க்கால் சார். மூடிடலாம். உங்க பக்கம் ரெண்டடி கூடவே கிடைக்கும்.” அப்பாவுக்கு சந்தோஷம். எனக்கும் சந்தோஷம். “அப்ரூவல்?” என்று கேட்டதற்கு, “பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார், அது போதும்” என்றார். போதாது என்று அப்பாவுக்குத் தெரியும். அவர் அரசு ஊழியர். தெரிந்தேதான் வாங்கினார்.

2015 டிசம்பர் 1 ராத்திரி எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. எந்தப் பக்கமாக வந்தது தெரியுமா? முன் வாசல் வழியாக இல்லை. வடக்குச் சுவருக்கு அடியில் தரை ஊற ஆரம்பித்தது, அப்புறம் சுவருக்கும் தரைக்கும் நடுவிலிருந்து குபுகுபுவென்று வந்தது. இருபத்தோரு வருடம் கழித்தும் அந்தத் தண்ணீருக்குத் தன் பழைய வழி மறக்கவில்லை. அரிசி டிரம்மைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டு, அம்மாவை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மாடியில் நின்றுகொண்டு தெருவில் எல்லோரும் கத்தியது ஒன்றைத்தான்: “கவர்மெண்ட் என்ன பண்ணுது?”

சரி, கவர்மெண்ட் என்ன பண்ணியது? அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. 2018ல் வெளிவந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, அந்த வெள்ளத்தை மனிதர்களால் உண்டான பேரிடர் என்றே சொன்னது. ஷட்டரைத் திறந்தது வாக்காளர் இல்லை. எப்போது திறப்பது, யாருக்கு முன்கூட்டிச் சொல்வது என்று முடிவு செய்ததும் வாக்காளர் இல்லை. அந்தப் பொறுப்பு முழுக்க ஆட்சியில் இருந்தவர்களுடையது, அதிகாரிகளுடையது. அதில் ஒரு துளியையும் நான் மக்கள் மேல் தள்ளமாட்டேன். ‘பங்கு உண்டு’ என்றால் ‘முழுப் பங்கு’ என்று அர்த்தமில்லை. ‘சமப் பங்கு’ என்றுகூட அர்த்தமில்லை. எதிரணி இதைத்தான் குழப்புகிறது. வாக்காளரைக் கைகாட்டினால் ஆள்பவர் தப்பித்துவிடுவார் என்கிறார்கள். வீட்டில் திருட்டுப் போனால் திருடன்தான் குற்றவாளி. ஆனால் பின்கதவை யார் திறந்து வைத்தது என்று வீட்டுக்காரர்கள் பேசத்தானே வேண்டும்?

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன். ஆட்சி தோற்பதில் இரண்டு வகை இருக்கிறது. நாம் கேட்டதைச் செய்யாமல் தோற்பது ஒன்று. அதற்கு ஆட்சியைத் திட்டலாம், திட்ட வேண்டும். நாம் கேட்டதைச் செய்து கொடுத்தே தோற்பது இன்னொன்று. சென்னையை மூழ்கடித்ததில் பெரும் பகுதி இந்த இரண்டாவது வகை.

யோசித்துப் பாருங்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக் எங்கே? நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது, டேங்க் எங்கே? முகப்பேரில் வீட்டு வசதி வாரியம் போட்ட குடியிருப்புக்குப் பெயரே ‘ஏரித் திட்டம்’. யாரும் ஒளித்து மறைத்து விற்கவில்லை. ஏரி என்று பெயர் வைத்து, விண்ணப்பம் வாங்கி, வீடு ஒதுக்கினார்கள். கிடைத்தவர்கள் இனிப்பு கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் எந்தக் கட்சியாவது “ஏரியில் வீடு தரமாட்டோம்” என்று சொல்லி ஓட்டுக் கேட்டிருந்தால் டெபாசிட் வாங்கியிருக்குமா?

இன்னும் பக்கத்தில் வருகிறேன். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை போட்டது. அப்போது நம் தெருவில் என்ன பேச்சு? ‘இனிமேலாவது வயலும் ஏரியும் தப்பிக்கும்’ என்று ஒருத்தர் சொல்லிக் கேட்டீர்களா? ‘எப்படியாவது பதிவு பண்ண வழி பண்ணுங்க’ என்றுதான் எல்லாக் கட்சி அலுவலகத்துக்கும் போனோம். 2017ல், பணம் கட்டினால் அந்த மனைகளை முறைப்படுத்தித் தரும் வரன்முறைத் திட்டம் வந்தது. நானும் வரிசையில் நின்று பணம் கட்டினேன். அதற்கு முன்னால் 1998லேயே விதி மீறிய கட்டடங்களுக்காக நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். மீறிக் கட்டு, அபராதம் கட்டு, சரியாகிவிடும். இது ஏதோ மக்களுக்கு எதிராக நடந்த சதி மாதிரி பேசுகிறோமே, இந்தச் சலுகைக்காக மனு எழுதிய கை யாருடையது?

அக்கா, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். நாம் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் பட்டனை அமுக்குகிறவர்கள் இல்லை. அந்த ஐந்து வருடமும் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். நம் வீட்டு வாசலுக்கு ரோடு கேட்கிறோம், பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே போட்டு அடுத்த தெரு பள்ளமானால் நமக்குக் கவலையில்லை. கார் ஏற்ற சாய்தளம் கட்டி மழைநீர் வடிகாலின் வாயை அடைக்கிறோம், கழிவுநீர்க் குழாயை ராத்திரியில் அதே வடிகாலில் இணைக்கிறோம், ஆய்வாளர் வந்தால் கவுன்சிலருக்கு போன் போடுகிறோம். கவுன்சிலர் நம் சொல்லைக் கேட்கிறார். ஏன் கேட்கிறார்? நாம் வாக்காளர் என்பதால். அந்த போனுக்கு பலம் இருக்கிறதென்றால் அதற்குப் பொறுப்பும் இருக்கிறது.

அடுத்த விஷயம், கேட்காமல் விட்டது. இது எனக்கு ரொம்பவே வலிக்கிற விஷயம்.

2016 அக்டோபரோடு சென்னை மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல் நடத்த வேண்டும் என்பது அரசியல் சட்டம். நடக்கவில்லை. 2022 பிப்ரவரி வரை, ஐந்து வருடத்துக்கு மேல், இவ்வளவு பெரிய நகரத்துக்கு ஒரு மேயர் கிடையாது, ஒரு கவுன்சிலர் கிடையாது. அந்த இடைவெளியில்தான் 2019 கோடை வந்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நமக்குக் குடிநீர் தரும் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 2003லேயே வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய ஊர் இது. நம் கேட்டுப் பக்கத்தில் மூடி போட்ட அந்தக் குழியை எத்தனை பேர் திறந்து, ஜல்லியும் மணலும் அலசிப் போட்டோம்? என் வீட்டுக் குழியை 2019ல் திறந்தபோது சிமெண்ட் மூட்டையும் இலைச் சருகும்தான் இருந்தது. தேர்தலைத் தள்ளிப்போட்டது நாம் இல்லைதான். ‘எங்கள் கவுன்சிலர் எங்கே?’ என்று தெருவில் இறங்கி ஒரு நாள் கேட்டோமா? டேங்கர் லாரி ஏன் வரவில்லை என்று கேட்டோம். குடத்தோடு கேட்டோம். கவுன்சிலர் இல்லாததைக் கேட்கவில்லை.

அப்புறம் 2022 பிப்ரவரி 19, தேர்தல் வந்தது. நான் ஆசிரியர், தேர்தல் பணி போட்டிருந்தார்கள். தென்சென்னையில் ஒரு பள்ளிக்கூடம், அடுக்குமாடிகள் நிறைந்த பகுதி. எனக்கு விரலில் மை வைக்கிற வேலை. காலையில் கொஞ்சம் வரிசை இருந்தது. பத்து மணிக்கு மேல் நான் மை பாட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு மணி வாக்கில் ஒரு பாட்டி வந்தார், வீட்டு வேலை செய்கிறவர். ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிற வழியில் வந்திருக்கிறார். கை ஈரம். மை பிடிக்கவில்லை. முந்தானையால் அழுத்தித் துடைத்துவிட்டு, “இப்ப வைப்பா, நல்லா வை” என்று விரலை நீட்டினார். அவர் வேலை செய்யும் மாடி வீட்டிலிருந்து அன்றைக்கு யாரும் வரவில்லை. அதையும் அவரே சொன்னார்.

அந்தத் தேர்தலில் மாநிலம் முழுக்க வாக்குப்பதிவு 60 சதவீதத்தைத் தாண்டியது. சென்னையில் 44ஐக்கூடத் தொடவில்லை. பட்டியலில் செத்தவர் பெயர் இருக்கிறது, வீடு மாறியவர் பெயர் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, எல்லா ஊர்ப் பட்டியலிலும்தான் இருக்கிறது. ஐந்து வருடம் மன்றமே இல்லாமல் கிடந்து, வெள்ளமும் வறட்சியும் பார்த்த ஊர், தன் வார்டுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நாளில் பாதிக்கு மேல் வீட்டில் இருந்தது. இதற்கு யார் மேல் பழி போடுவது?

இங்கே எதிரணித் தம்பி உருக்கமாகப் பேசினார்: “ஏழையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீங்க.” நான் ஏற்றவில்லை தம்பி. பங்கு எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை. கூவம் கரையில் குடிசை போட்டவருக்கு வேறு இடம் இல்லை, அவரைத்தான் முதலில் காலி பண்ணி நகரத்துக்கு வெளியே அனுப்புகிறார்கள். ஏரியில் திட்டம் போட்டு வாங்கிய நமக்கோ பட்டா, மின் இணைப்பு, வங்கிக் கடன். படித்தவன், வசதி உள்ளவன், சட்டம் தெரிந்தவன் பங்கு அதிகம். என் அப்பாவின் பங்கும் என் பங்கும் அந்தப் பாட்டியின் பங்கை விட நிச்சயமாகப் பெரியது.

ஓட்டுக்குப் பணம் பற்றியும் சொல்ல வேண்டும். 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலை, பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையம் ரத்து செய்தது. 2019ல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலும் பணத்தால் ரத்தானது. கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் சட்டப்படி குற்றம். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா கேட்டார்: “அது எங்ககிட்ட அடிச்ச காசுதானே சார்? அதுல கொஞ்சம் திரும்பி வருது. வாங்கினா என்ன தப்பு?” அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஆறு மாதம் கழித்து அதே அம்மா தெருக்குழாய்க்காக ஒரு அலுவலகத்தில் போய் நின்றபோது அங்கே இருந்த கட்சிக்காரர் சிரித்துக்கொண்டே, “காசு வாங்கிட்டுத்தானே போட்டீங்க, இப்ப என்ன?” என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்துவிட்டார். கேள்வி கேட்கும் வாயை விலைக்கு வாங்கிவிட்டதாக அந்த ஆள் நினைக்கிறான். நாம் வாங்கும்வரை அப்படித்தான் நினைப்பான்.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உத்திரமேரூர் இருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முந்திய குடவோலைக் கல்வெட்டை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். அதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று: பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும், அவர் சொந்தக்காரர் பெயரும் குடத்தில் விழக்கூடாது. அந்த விதி உயிரோடு இருக்க வேண்டுமென்றால் கணக்குக் கேட்க சபையில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். இன்றைக்கு நமக்கும் வார்டு கமிட்டி இருக்கிறது, அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேச ஏரியா சபை இருக்கிறது, தகவல் உரிமைச் சட்டம் 2005லிருந்து இருக்கிறது. எங்கள் ஏரியா சபைக்கு நான் போன அன்று போட்ட நாற்காலியில் பெரும்பாலானவை காலி.

மணி அடித்துவிட்டார்கள், முடிக்கிறேன்.

அப்பாவுக்கு இப்போது வயது எண்பத்து மூன்று. போன மழைக்கு முன்னால் அவரே ஒரு மனு எழுதினார். எங்கள் தெருவின் பின்பக்கம் மூடிய வாய்க்காலைத் திரும்பத் திறக்க வேண்டும், அதற்கு முதலில் எங்கள் வடக்குச் சுவரை இடித்து அந்த இரண்டடியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதி, கை நடுங்கக் கையெழுத்துப் போட்டார். வாய்க்கால் மேல் மொத்தம் பதினோரு வீடு இருக்கிறது. இதுவரை நான்கு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மீதி ஏழு பேரில் மூன்று பேர் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். மனுவும் பேனாவும் என் பையில் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் நிற்பேன்.

நன்றி, வணக்கம்.