முழங்கால் மடங்காத நாட்களில்

நேயர்களுக்கு என் அன்பின் வணக்கம்.

இயேசுவை நினைவுகூர்ந்து அப்பமும் திராட்சரசமும் பெறும் நற்கருணை ஆராதனையில் பீடத்தண்டை போய் முழங்காற்படியிடுவது ஐம்பது ஆண்டுகளாக எனக்குப் பழகிப்போன காரியம். மூட்டுத் தேய்மானம் முற்றியதால் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அது நின்றுபோயிற்று. இப்போது சபையார் எல்லோரும் பந்தியில் சேர்ந்து முடித்தபின், குருவானவர் அப்பத்தையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு படியிறங்கி, கடைசி இருக்கையில் அமர்ந்திருக்கும் என்னிடம் வருகிறார். முதல் முறை அவர் அப்படி வந்து நின்றபோது என் மனதில் எழுந்தது நன்றியல்ல, வெட்கம். ஊன்றுகோலை இருக்கைக்கு அடியில் தள்ளி மறைத்துக்கொண்டுதான் கையை நீட்டினேன்.

அந்த வெட்கத்தை எனக்குள் உடைத்தது பவுல் அப்போஸ்தலனின் ஒரு வாக்கியம். "எங்கள் புறம்பான மனுஷனானது அழிந்தும், உள்ளான மனுஷனானது நாளுக்குநாள் புதிதாக்கப்படுகிறது" என்று கொரிந்து சபைக்கு எழுதும்போது, உடல் அழிகிறது என்பதை அவர் மழுப்பவில்லை. அதே நிருபத்தில், தம் மாம்சத்திலுள்ள முள், அதாவது தம்மை வருத்திய ஒரு வேதனை, நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டதாகவும், "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதிலே கிடைத்ததாகவும் சொல்கிறார். முள் எடுக்கப்பட்டதாக அவர் எங்கும் எழுதவில்லை. நோயாளியைப் பார்க்கப் பழத்தோடு வந்து, விசுவாசம் போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாக வாசித்தால் நல்லது.

எங்கள் திருநெல்வேலிச் சீமையில் இதை வாழ்ந்து காட்டியவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். அயர்லாந்தில் 1867ஆம் ஆண்டு பிறந்து, 1895இல் இந்தியாவுக்கு வந்து, 1901 முதல் டோனாவூரில் ஆதரவற்ற பெண்பிள்ளைகளை, குறிப்பாகக் கோயில்களுக்குத் தேவதாசிகளாக விடப்பட இருந்தவர்களை, தம் மக்களாக வளர்த்தவர். 1931 அக்டோபர் 24ஆம் நாள், மருத்துவப் பணிக்காக ஏற்பாடு செய்திருந்த ஒரு வீட்டைப் பார்க்கக் களக்காட்டுக்குப் போனவர், மாலை மங்கிய வேளையில், புதிதாக வெட்டியிருந்த குழி ஒன்றில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 63. ஓயாமல் ஓடியாடிய அந்த மனுஷி, 1951 ஜனவரியில் கண்மூடும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பெரும்பாலும் ஒரே அறைக்குள் வலியோடு படுத்திருந்தார்.

அந்த ஆண்டுகளை வெறும் பொறுமையின் காலமாக நான் பார்க்கவில்லை. உடல்நலத்தோடு இருப்பவர்கள் நோயாளிகளுக்காக எழுதிய ஆறுதல் நூல்கள் தமக்கு உதவவில்லை என்பதை அவர் வெளிப்படையாகவே சொன்னார். பிறகு, ஒரு நோயாளி மற்ற நோயாளிகளுக்கு எழுதுவதாக ஒரு நூலை 1933இல் வெளியிட்டார். படுக்கையிலிருந்தே பத்துக்கும் மேற்பட்ட நூல்களும் எண்ணற்ற கடிதங்களும் பிறந்தன. வலியை வலி என்றே சொல்லிக்கொண்டு, அது விட்டுவைத்த கையைக் கொண்டு என்ன செய்யலாம் என்று பார்த்த அந்த நேர்மைதான், என் பார்வையில், விசுவாசத்தின் பலம். தம் கல்லறைக்குப் பெயர்க்கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அவ்விடத்தில் பறவைகள் நீர் அருந்த ஒரு கல்தொட்டியை வைத்து, தாங்கள் அவரை அழைத்த பெயரை மட்டும் அதில் பொறித்தார்கள்.

அவரோடு என்னை ஒப்பிடும் துணிவு எனக்கு இல்லை. இரவு மூன்று மணிக்கு முழங்கால் எழுப்பிவிடும்போது, தூக்கம் கெட்டதே என்ற எரிச்சல்தான் இன்றும் முதலில் வருகிறது. கொஞ்ச நேரம் கழித்து விளக்கைப் போட்டு, "என் பெலன் ஒடுங்கும்போது என்னைக் கைவிடாமலும் இரும்" என்ற 71ஆம் சங்கீதத்தின் வரியை வாய்விட்டு வாசிக்கிறேன். பிறகு பழைய நாட்குறிப்பை எடுத்து, சபையில் படுக்கையாய்க் கிடப்பவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிக்கிறேன். இப்போது பதினோரு பெயர்கள் இருக்கின்றன. விடிந்ததும் அவர்களில் ஒருவரைத் தொலைபேசியில் அழைப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை, ஊன்றுகோல் என் மடிமேலேயே இருந்தது.

நன்றி, வணக்கம்.