தண்டனை முடிந்தது, ஆட்டம் தொடரலாமா?

[திரையில்: ஈஃபிள் கோபுரம், அதன் கீழே மணல் ஆடுகளம்]

2024 ஜூலை, பாரிஸ் ஒலிம்பிக். ஈஃபிள் கோபுரத்தின் காலடியில் மணல் கொட்டி பீச் வாலிபால் மைதானம் போட்டிருக்கிறார்கள். வீரர்களின் பெயரை ஒவ்வொன்றாக அறிவிக்கிறார்கள், கூட்டம் கைதட்டுகிறது. நெதர்லாந்து வீரர் ஸ்டீவன் வான் டி வெல்டேயின் பெயர் வந்ததும் அந்தக் கைதட்டலுக்கு நடுவே வேறொரு சத்தம் கிளம்புகிறது. எதிர்ப்புக் கூச்சல்.

2014-இல் அவருக்கு 19 வயது. இணையத்தில் பழகிய ஒரு சிறுமியைப் பார்க்க இங்கிலாந்துக்குப் போய், அவளைப் பாலியல் வன்கொடுமை செய்தார். அந்தச் சிறுமிக்கு 12 வயது. 2016-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், நான்கு ஆண்டு சிறை விதித்தார்கள். நாட்டுக்காக ஆடும் கனவு உடைந்து கிடக்கிறது என்று தீர்ப்பு சொன்ன நீதிபதியே குறிப்பிட்டார். அப்புறம் அவரை நெதர்லாந்துக்கு மாற்றினார்கள், அந்த நாட்டுச் சட்டப்படி தண்டனை குறைந்தது. ஏறக்குறைய 13 மாதத்தில் வெளியே வந்து, 2017-இலேயே மறுபடி ஆட ஆரம்பித்துவிட்டார். உடைந்த கனவு எட்டே ஆண்டில் ஒட்டிக்கொண்டது.

[திரையில் ஒரே வரி: "தண்டனைதான் முடிந்துவிட்டதே?"]

இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. சிறைக்குப் போய் வந்தவர் பிழைக்க வேண்டும், அதற்கு வேலை வேண்டும். வாசலில் நிற்கிற எல்லோரும் கதவைச் சாத்தினால் அவர் எங்கே போவார்? குத்துச்சண்டை வீரர் பெர்னார்ட் ஹாப்கின்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 17 வயதில் கொள்ளை வழக்கில் 18 ஆண்டு தண்டனை, அதில் ஏறக்குறைய ஐந்து ஆண்டு உள்ளே இருந்தார். குத்துச்சண்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது சிறைக்குள்தான். 2011-இல், 46 வயதில், உலகப் பட்டம் வென்றார். அவரிடமிருந்து அந்த விளையாட்டைப் பிடுங்கியிருந்தால் யாருக்கு என்ன லாபம்?

இன்னொருவர் மைக்கேல் விக், அமெரிக்கக் கால்பந்தின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்துகிறவர். நாய்ச்சண்டை நடத்தியதற்காக 2007-இல் 23 மாதச் சிறை. ஆட்டத்தில் தோற்ற நாய்களைக் கொன்றதும் வழக்கில் வெளியே வந்தது. சிறையில் இருக்கும்போதே திவாலானார். 2009-இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி அவரை எடுத்தது. ஆடிச் சம்பாதித்த பணத்தில் ஒன்றரைக் கோடி டாலருக்கும் மேலான கடனை அடைத்தார். விலங்கு நல அமைப்போடு சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளிடம் போய் நாய்ச்சண்டைக்கு எதிராகப் பேசினார். ஆடவே விடாமல் தடுத்திருந்தால் கடன் கொடுத்தவர்களுக்கு அந்தப் பணம் கிடைத்திருக்காது.

ஆக, திரும்பி வரக் கூடாது என்று ஒரே வெட்டாகச் சொல்ல என்னால் முடியவில்லை. ஆனால் ஒன்று உறுத்துகிறது. விக் சுமாரான வீரராக இருந்திருந்தால் எந்த அணி அவருக்குப் போன் செய்திருக்கும்? மறுவாய்ப்பு என்று பேசுகிறார்கள், கையில் பிடித்திருப்பது தராசு. ஒரு தட்டில் குற்றம், இன்னொரு தட்டில் அவர் எத்தனை கஜம் பந்தை எறிவார் என்ற கணக்கு.

[திரையில்: லார்ட்ஸ் மைதானம், பந்துவீச்சுக் கோடு நெருக்கத்தில்]

இப்போது கிரிக்கெட்டுக்கு வருவோம். 2010 ஆகஸ்ட், லார்ட்ஸ் டெஸ்ட். பாகிஸ்தானின் 18 வயது முகமது ஆமிர் ஓடி வந்து வீசுகிறார். முன்னங்கால் கோட்டைத் தொடவே இல்லை, தாண்டி எங்கேயோ போய் விழுகிறது. இவ்வளவு பெரிய நோ-பாலா என்று பார்த்தவர்கள் வியந்தார்கள். பிறகுதான் தெரிந்தது, எந்தப் பந்து நோ-பால் என்பது பணம் வாங்கிக்கொண்டு முன்கூட்டியே பேசி வைத்தது. 2011 நவம்பரில் லண்டன் நீதிமன்றம் கேப்டன் சல்மான் பட்டுக்கு 30 மாதமும், முகமது ஆசிஃபுக்கு ஓராண்டும், ஆமிருக்கு ஆறு மாதமும் விதித்தது. ஆமிர் உள்ளே இருந்தது பாதிக் காலம்தான்.

ஆனால் கிரிக்கெட் அதோடு விடவில்லை. ஐ.சி.சி. அவருக்கு ஐந்து ஆண்டு தடை போட்டது. 18-லிருந்து 23 வரை, ஒரு வேகப்பந்து வீச்சாளரின் பொன்னான வயது அப்படியே போயிற்று. 2016-இல் அவர் திரும்பியபோதும் கதவு சும்மா திறக்கவில்லை. அவர் இருக்கும் பயிற்சி முகாமுக்கு வர மாட்டோம் என்று முகமது ஹஃபீஸும் அசார் அலியும் முதலில் மறுத்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் அதே லார்ட்ஸில், கடைசி விக்கெட்டை போல்டு எடுத்து பாகிஸ்தானின் வெற்றியை முடித்து வைத்தவரும் ஆமிர்தான்.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

[திரை இரண்டாகப் பிரிகிறது: இடப்பக்கம் "சிறை", வலப்பக்கம் "விளையாட்டு போட்ட தடை"]

இரண்டு நோ-பால் வீசிய பையன்: சிறை மூன்று மாதம், விளையாட்டுத் தடை ஐந்து ஆண்டு. 12 வயதுச் சிறுமியைச் சிதைத்தவர்: சிறை ஏறக்குறைய 13 மாதம், வெளியே வந்ததும் அதே ஆண்டில் ஆட்டம்.

எனக்குத் தோன்றும் கோளாறு இங்கேதான் இருக்கிறது. விளையாட்டு உலகம் தன்மேல் விழுகிற அடிக்குத் தெளிவாக விதி எழுதி வைத்திருக்கிறது. தெரிந்தே ஊக்கமருந்து எடுத்தால் முதல் முறையே நான்கு ஆண்டு. தடைக்காலத்தின் கடைசிக் கட்டம் வரை அணியோடு பயிற்சிகூடச் செய்ய முடியாது. எந்த நாடானாலும், எவ்வளவு பெரிய நட்சத்திரமானாலும் அதே புத்தகம்தான். மனிதர்மேல் விழுகிற அடிக்கு அப்படி ஒரு பொதுப் புத்தகம் இல்லை. பாரிஸில் கேட்டபோது சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, வீரர்களைத் தேர்வு செய்வது அந்தந்த நாட்டுக் கமிட்டியின் பொறுப்பு என்றது. நெதர்லாந்துக் கமிட்டி, எங்கள் நிபந்தனைகளையெல்லாம் அவர் நிறைவேற்றிவிட்டார் என்றது. ஆனாலும் அவரை விளையாட்டு வீரர்கள் கிராமத்தில் தங்க வைக்கவில்லை, பத்திரிகையாளர்களிடம் பேச வைக்கவும் இல்லை. எல்லாம் சரியாக இருந்தால் ஏன் ஒளித்து வைக்க வேண்டும்?

விக் ஆடிய அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லில் நடத்தை விதி இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அது பெரும்பாலும் லீக்கின் தலைவரான கமிஷனரின் மனம் போன போக்கில் நடக்கிறது. 2009-இல் அந்த லீக்கின் வீரர் டாண்டே ஸ்டால்வொர்த் குடிபோதையில் காரோட்டி ஒருவரைக் கொன்றார். இறந்தவர் குடும்பத்தோடு சமரசம் ஆனதால் 30 நாள் சிறை, லீக் ஒரு சீசன் தடை விதித்தது, 2010-இல் மறுபடி களத்தில். நாய்களுக்கு 23 மாதம், மனிதனுக்கு 30 நாளா என்று அன்றைக்கே கேட்டார்கள்.

விதி இல்லாத இடத்தில் முடிவெடுப்பது ஸ்பான்சர்தான். பிரேசில் கோல்கீப்பர் புருனோ, தன் குழந்தையைப் பெற்ற பெண்ணைக் கொல்லச் சொன்ன வழக்கில் 2013-இல் 22 ஆண்டு தண்டனை பெற்றவர். அந்தப் பெண்ணின் உடல் கிடைக்கவே இல்லை. மேல்முறையீடு நிலுவையில் இருந்ததால் 2017 பிப்ரவரியில் வெளியே விட்டார்கள். அடுத்த மாதமே போவா எஸ்போர்ட்டே என்ற சின்ன கிளப் ஒப்பந்தம் போட்டது. ஸ்பான்சர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள், கிளப் அசையவில்லை. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவரை மறுபடி உள்ளே அனுப்பியது. இங்கே தண்டனை முடிந்துவிட்டதே என்று சொல்லக்கூட வழியில்லை. முடியவே இல்லை.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. வேல்ஸ் கால்பந்து வீரர் செட் எவான்ஸ் 2012-இல் பாலியல் வன்கொடுமைக் குற்றவாளி என்று தீர்ப்பாகி சிறைக்குப் போனார். வெளியே வந்ததும் பழைய கிளப்பான ஷெஃபீல்டு யுனைடெட் அவரைப் பயிற்சிக்குச் சேர்த்தது. ஊரே கொந்தளித்தது. ஒப்பந்தம் போட்டால் மைதானத்தில் இருக்கும் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றார் ஒலிம்பிக் சாம்பியன் ஜெசிகா எனிஸ்-ஹில். கிளப் பின்வாங்கியது. 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது, மறுவிசாரணையில் அவர் விடுதலையானார். நேபாள கிரிக்கெட் வீரர் சந்தீப் லாமிச்சானே பாலியல் வன்கொடுமை வழக்கில் 2024 ஜனவரியில் எட்டு ஆண்டு தண்டனை பெற்று, அதே ஆண்டு மே மாதம் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார். அதனால் ஆயுள் தடை என்ற யோசனைக்கு நான் தயங்குகிறேன். நீதிமன்றம் திருத்திக்கொள்ளும்போது விளையாட்டும் திருத்திக்கொள்ள இடம் வேண்டும்.

அப்படியானால் என்னதான் செய்வது? விதியை முன்கூட்டியே எழுதுங்கள். யாருடைய பெயரும் மேசையில் இல்லாத ஒரு நாளில் எழுதுங்கள். கொலை, பாலியல் வன்கொடுமை, சிறுவர்மீது குற்றம் என்றால் சிறைக்கு மேல் இத்தனை ஆண்டு தடை என்று, ஊக்கமருந்துக்கு எழுதியது போலவே. கோல் அடிக்கிறவருக்கும் பெஞ்சில் உட்காருகிறவருக்கும் ஒரே எண்.

அடுத்து, பிழைப்பையும் கௌரவத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கிளப்பில் ஆடிச் சம்பளம் வாங்குவது பிழைப்பு. அதை ஒரு கட்டத்துக்கு மேல் தடுப்பது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். நாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒலிம்பிக்கில் நிற்பது வேறு. அது யாருக்கும் கிடைத்தே தீர வேண்டிய உரிமை அல்ல, தேர்வாகாத எத்தனையோ நல்லவர்கள் வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்க்கிறார்கள். அந்த இங்கிலாந்துப் பெண்ணும் இப்போது வளர்ந்துவிட்டவர். அதே டிவி அவர் வீட்டிலும் ஓடும்.

சரி, பாரிஸுக்குப் பிறகு என்ன ஆயிற்று? வான் டி வெல்டே ஜோடி காலிறுதிக்கு முந்தைய சுற்றில் பிரேசிலிடம் தோற்றது. அவர் தொடர்ந்து ஆடினார். 2025-இல் உலக பீச் வாலிபால் போட்டி ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்தது. அதற்கு அவர் விண்ணப்பித்த விசாவை ஆஸ்திரேலிய அரசு மறுத்துவிட்டது.

[திரையில்: "நிராகரிக்கப்பட்டது" என்ற முத்திரை. திரை இருள்கிறது.]